ஹார்லோ கவுண்டியில் இரண்டு கிணறுகள்

3 பெப்ரவரி 2024, சனி

எழுந்தவுடன் முதல் வேலையாக நேற்று மிஞ்சிய ஆட்டிறைச்சிக் கறியைக் குப்பைப் பையில் கொட்டினேன். பழுதாகவில்லை. ஆனாலும் மூடியைத் திறந்ததும் நேற்று மேசையைச் சுற்றியிருந்து எலும்பை உறிஞ்சியபடி காணி பிரித்தவர்களின் முகங்கள் வந்துவிட்டன. வைத்துச் சாப்பிட மனம் வரவில்லை.

ஊர்ச் சங்கத்துக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. இவ்வளவு காலமும் கோடையில் ஒன்றுகூடல், மார்கழியில் இராப்போசனம், சித்திரையில் ஒரு ஆண்டு மலர் என்று போனது. இப்போது அமெரிக்காவில் காணி வாங்குகிறார்கள். நியூயோர்க் மாநிலத்தின் தென்பக்கத்தில் ஹார்லோ கவுண்டி என்று ஒரு இடம். கைவிடப்பட்ட ஒரு பால் பண்ணை. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு கோடை வீடு, நடுவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். ஒன்ராறியோவில் ஏரிக்கரைப் பக்கம் எங்களால் நெருங்க முடியாது. அங்கே காணியை வாங்க ஆளில்லையாம். எல்லை தாண்டிக் கொஞ்ச நேர ஓட்டம். "எங்கட ஊரைத் திரும்பக் கட்டுறம்," என்று நேற்று எத்தனை தரம் சொன்னார்கள்.

தலைவர், நவரட்ணம் அத்தான். என் கணவர் ராகுலனின் மூத்த அண்ணன், எங்களைக் கனடாவுக்கு எடுத்தவர். அஜக்ஸில் இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது எந்த அறை யாருக்கு என்று சொன்னவரும் அவர்தான்.

"அரசி, நீர் கம்பசில ஜியோகிரபி படிச்சனீர்தானே. மலருக்கு அந்த இடத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாரும். வரலாறு, புவியியல், சனத்தொகை. வாசிச்ச உடன சனத்துக்கு அங்க போகோணும் எண்டு வரோணும்."

"நான் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லையே, அத்தான்."

"ஆபிரிக்காவைப் பார்த்திட்டோ சோதினை எழுதினீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். கையில் கறிச்சட்டியோடு நானும் சிரித்தேன். இன்று காலை கறியோடு சேர்த்துக் கொட்ட முடியாமல் போனது அந்தச் சிரிப்பைத்தான்.

7 பெப்ரவரி, புதன்

ஒத்துக்கொள்ள வேண்டும்: பிடித்திருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலையிட மேசையில் வைத்து வாசிக்கிறேன். இருபது வருடமாக முதியோர் இல்ல அலுவலகத்தில் வருகைப் பதிவும் மருந்துக் கட்டளையும். யாரும் என்னிடம் ஒரு மலையைப் பற்றிக் கேட்டதில்லை.

பனிக்கட்டியாறு தேய்த்துவிட்டுப் போன பீடபூமி. தட்டையான மேடுகள், ஒடுங்கிய பள்ளத்தாக்குகள். மண்ணுக்குக் கீழே முழம் அளவில் இறுகிப்போன ஒரு மண்படை இருக்கிறது. மழைத் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. அதனால்தான் உழவு தோற்று மாட்டுக்குப் போனார்கள், மாடும் தோற்றது.

சனத்தொகை: நூற்று நாற்பது வருடத்துக்கு முன் உச்சம். பிறகு ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் இறக்கம். பிறப்பைவிட இறப்பு அதிகம். ஆசியர் அரை வீதமும் இல்லை.

11 பெப்ரவரி, ஞாயிறு

கவுண்டியின் பழைய வரலாற்றுப் புத்தகம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. அங்கேயே பிறந்த ஒரு பாதிரியார் எழுதியது. முதல் வீடு, முதல் ஆலை, முதல் பள்ளி. முதல் குழந்தை பிறந்தது இன்ன வருடம், இன்னாரின் மகள். முதல் குழந்தையாம். அதற்கு முன் அங்கே இருந்த பெண்கள் பிள்ளையே பெறவில்லையா?

அவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். அந்த மண்ணின் பூர்வகுடிகள், செனகா மக்கள். ஆற்றங்கரையில் சோளமும் பூசணியும், பீச் தோட்டங்களும் வைத்திருந்தவர்கள். அமெரிக்கப் படை வந்து வீடுகளை எரித்தது. சோளத்தை எரித்தது. பீச் மரங்களின் பட்டையைச் சுற்றிவர உரித்துவிட்டுப் போனது, நின்றபடியே பட்டுப்போகட்டும் என்று. அதற்கு அடுத்த அத்தியாயத்தின் முதல் வரி: "மக்கள் இல்லாத இந்த வனாந்தரத்துக்கு..."

புத்தகத்தை மூடிவிட்டேன். திரையில் எதை மூடுவது. கணினியை மூடினேன்.

எங்கள் பனைகளைத் தறித்துப் பதுங்குகுழிக்குக் கொண்டுபோன இராணுவத்தாரும் வரைபடத்தில் எங்கள் ஊரை ஆளில்லாப் பிரதேசம் என்றுதான் குறித்திருந்தார்கள். ஆளை விரட்டிவிட்டு ஆளில்லை என்று எழுதுவது. எந்த மொழியிலும் ஒரே நாற்றம்.

17 பெப்ரவரி, சனி

கட்டுரையை வியாழன் அனுப்பினேன். இன்று அத்தான் போன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். அந்த ரெண்டாம் பந்தியை மட்டும் எடுத்துவிடும்."

"எது அத்தான்?"

"உந்தச் செவ்விந்தியர் கதை. கோடை கழிக்கப் போற சனத்துக்கு உது எதுக்கு? ஆரோ எரிச்சவன், ஆரோ ஓடினவன். ஆவி கீவி எண்டு பொம்பிளையள் வரமாட்டினம்."

"அப்ப அதுக்கு முதல் அங்க ஆர் இருந்தவை எண்டு எழுதுறது?"

"காடெண்டு எழுதும். காடு இருந்தது பொய்யே?"

இந்த மனிதர் ஆர்ப்பாட்டத்தில் பனியில் நின்று "எங்கள் நிலம் எமக்கே" என்று எழுதிய மட்டை பிடித்தவர். நான் அருகில் நின்றேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

எடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றால் எங்கள் வீட்டில் ஓம் என்று அர்த்தம்.

18 பெப்ரவரி, ஞாயிறு

ராகுலன்: "ஒரு பந்திதானே. விடும்."

26 பெப்ரவரி, திங்கள்

நிரோஷினி மதியம் என் மேசைக்கு வந்தாள். எங்கள் இல்லத்தில் முதியவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் வேலை அவளுக்கு. எங்கள் ஊர்தான், ஓடைக்கரைப் பக்கம்; கணவன் வினோதனும் அந்தப் பக்கம்தான். ஊரில் நானும் அவளும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை; அவர்களின் கிணறும் வேறு, பள்ளிக்கூடமும் வேறு. ஸ்கார்பரோவுக்கு வந்துதான் சிநேகிதமானோம். பன்னிரண்டு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

"அக்கா, நாங்களும் ஒரு துண்டுக்குப் பேர் குடுத்திட்டம்."

"எங்கையடி?"

"அமெரிக்காவிலதான். உங்கட அத்தான் தானா போன் எடுத்துச் சொன்னவர். நீங்கள் எழுதினதை எல்லாருக்கும் வட்ஸ்அப்பில அனுப்பியிருக்கிறார். வினோதன் அதை பஸ்ஸுக்குள்ள இருந்து ரெண்டு தரம் வாசிச்சவராம். அரசியக்கா எழுதினா பொய் இருக்காது எண்டு சொல்லுறார்."

உணவுப் பெட்டியை மூடியபடி, என்னைப் பாராமல் சொன்னாள்: "காணி உறுதியில என்ர பேரும் வருமாம். புருசன் பெஞ்சாதி ரெண்டு பேரும் சைன் வைச்சாத்தான் செல்லுமாம். எங்கட அப்பா செத்தது ஆரோ ஒருத்தரின்ர காணிக்குள்ள கட்டின வீட்டில, அக்கா. இப்ப மல்வேர்னில இருக்கிற வீடும் வாடகைதான்."

அவள் போனபின் வட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் பந்தி இல்லை. நான் எடுக்கவில்லை. அவரே எடுத்துவிட்டார். அதற்கு மேல் வாசிக்கவில்லை.

9 மார்ச், சனி

அத்தான் வரைபடத்தோடு வந்து எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஒட்டினார். நிலஅளவையாளர் வரைந்ததன் மேல் இவர்கள் வீதிப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். கோயிலடி வீதி. பள்ளிக்கூட வீதி. சந்தை வீதி. ஓடைக்கு அப்பால், தனியாக, ஓடைக்கரை வீதி. ஊரில் எந்தக் குறிச்சியில் இருந்தோமோ அந்தப் பெயருள்ள வீதியில் காணி. எங்களுக்குக் கோயிலடியில், மேட்டின் உச்சியில்.

"உதுதான் ஐடியா," என்றார் அத்தான். "ஊரில பக்கத்தில இருந்தவன் இங்கயும் பக்கத்தில."

அங்கே நகரசபைத் தண்ணீர் இல்லை. குழாய்க்கிணறு அடிக்க வேண்டும். மேட்டில் முப்பது வீட்டுக்கு ஒரு கிணறு. ஓடைக்கு அப்பால் ஆறு வீட்டுக்கு ஒரு கிணறு.

"ஏன் ரெண்டு?"

"ஒண்டு காணாது."

முப்பது வீட்டுக்குக் காணும். முப்பத்தாறுக்குக் காணாது.

ஆறு துண்டுகளிலும் பெயர்களைப் பார்த்தேன். ஐந்தாவது வினோதன் – நிரோஷினி. சமவுயரக் கோடுகள் மேட்டில் நெருக்கமாக இருந்தன. அந்தப் பக்கம் அகன்று அகன்று போய் ஓடையோடு படுத்துக் கிடந்தன.

சாதி என்ற சொல்லைக் கலியாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. தேவைப்படவில்லை போல. 'அந்தப் பக்கத்து ஆக்கள்' போதுமாயிருந்தது.

30 மார்ச், சனி

இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அத்தான், ராகுலன், நான், பின் இருக்கையில் காதுக்குள் பாட்டோடு மகள் அட்சயா. எல்லையில் அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டபோது அத்தான் ஆங்கிலத்தில் "எங்கட ஊருக்கு" என்றார். அவன் கடவுச்சீட்டுகளை இன்னொரு தரம் பார்த்தான்.

நான் எழுதிய கவுண்டி அங்கே இருந்தது. எழுதாததும் இருந்தது. பலகை அடித்த கடைகள். விற்பனைக்கு ஒரு தேவாலயம். எல்லாம் மலிவு விலைக்கு விற்கும் கடை ஒன்றில் மட்டும் நாலு கார். வீட்டு வாசலில் ஒரு கிழவர் கதிரையில் இருந்தபடி எங்கள் வான் வண்டி வந்து, திரும்பி, மறுபடி வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்சயா கை காட்டினாள். அவரும் காட்டினார். சனத்தொகை அட்டவணையில் அறுபத்தைந்துக்கு மேல் என்ற வரிசையில் நான் கூட்டியிருந்த ஒருவர்.

மேடு அழகு. அதை மறுக்கவில்லை. காற்றும் வெயிலும், கீழே வெள்ளைக் களஞ்சியக் கட்டடமும்.

ஓடைக்கு அப்பால் போக வேண்டும் என்று நான்தான் கேட்டேன். மரப்பாலம் தாண்டி நாலு எட்டு வைக்கச் சப்பாத்து புதைந்தது. யாரோ குத்தகைக்கு விதைத்த போன வருடச் சோளத் தாள்களுக்கிடையே தண்ணீர் நின்றது. ஓடைக்கரை வீதி முழுவதும் நின்றது. தாள்களில் மேலே மேலே, பழைய வெள்ளங்கள் விட்டுப்போன சேற்றுக் கோடுகள்.

"அத்தான், இங்க தண்ணி நிக்குது."

"பனி உருகிற நேரம். எல்லா இடமும் நிக்கும்."

"மேட்டில நிக்கேல்லை."

அவர் சப்பாத்துச் சேற்றைப் புல்லில் துடைத்தார்.

"மேட்டில எட்டுத் துண்டு பேரில்லாமல் கிடக்குது. இவையளுக்கு அதைக் குடுக்கலாம்தானே."

ராகுலன் எதையோ பார்க்கப்போவது போல வான் வண்டியை நோக்கி நடந்தார். அத்தான் என் பக்கம் வந்து, அன்பாக, தங்கச்சிக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பிள்ளை, உது வெறும் காணியில்லை. நாளைக்கு எங்கட பேரப்பிள்ளையள் இங்க வந்து ஒண்டா விளையாடுங்கள். வளருங்கள். பிறகு ஒரு நாள் கலியாணம் எண்டு வந்து நிக்குங்கள். ரொறன்ரோவில எங்களால ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு. இங்கயாவது ஒரு ஒழுங்கு இருக்கட்டும். அவையளும் வரட்டும், ஆர் வேண்டாமெண்டது? தங்கட பக்கத்தில இருக்கட்டும். அவையளுக்கும் அதுதான் வசதி."

"கிணறும்?"

"கிணறும் அப்பிடித்தான்."

பிறகு பையிலிருந்து வடையை எடுத்து நீட்டினார். "இந்தாரும், ஆறமுதல் சாப்பிடும்."

வாங்கினேன். கை தானாக நீண்டது. பாலத்தில் வரும்போது ஓடைக்குள் போட்டேன்.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். ஒரு சமுத்திரம், ஒரு யுத்தம், இரண்டு எல்லை. விரட்டப்பட்டவர்களின் நிலத்துக்கு விரட்டப்பட்டவர்கள் வந்து, வீட்டுக்கு முதல், கோயிலுக்கு முதல், இதைத்தான் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைக்கிறோம்.

31 மார்ச், ஞாயிறு

தேய்க்கத் தேய்க்கச் சப்பாத்தில் சேறு போகிறது. மணம் போகவில்லை.

2 ஏப்ரல், செவ்வாய்

"உங்களுக்குத் தெரியுமா?"

"அது அண்ணையின்ர ஏற்பாடு," என்றார் ராகுலன்.

"தெரியுமா எண்டு கேட்டனான்."

"...ஓம். உதை ஏன் இப்ப இழுக்கிறீர்? அவையளே ஒண்டும் சொல்லேல்லை."

அட்சயா படியில் நின்றிருக்கிறாள், நாங்கள் கவனிக்கவில்லை. "வெயிற். தண்ணியும் வேற வேறயா? அப்பா, தற்ஸ் லிற்றரலி செக்ரகேஷன்."

"உனக்கு உது விளங்காது, பிள்ளை."

"எனக்கு விளங்குது. ஸ்கூல்ல படிச்சனான். அந்த நாட்டிலதான் கறுப்பு ஆக்களுக்குத் தண்ணிப் பைப் வேற வைச்சவங்கள். அவங்களே நிப்பாட்டிற்றாங்கள்."

ராகுலன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். கெட்டவர் இல்லை இவர். ஒருவரையும் ஒரு சொல் சொன்னதில்லை. அண்ணன் கீறிய கோட்டுக்கு இந்தப் பக்கம் வசதியாக இருந்து பழகிவிட்டார். நானும்தானே இருந்தேன்? வரைபடம் சுவரில் தொங்கிய மூன்று வாரமும் அதன் கீழே இருந்துதானே தேநீர் குடித்தேன்?

5 ஏப்ரல், வெள்ளி

நிரோஷினியிடம் சொன்னேன். வேலை முடிந்து அவளைக் காரில் மல்வேர்னுக்கு ஏற்றிப் போகும்போது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மார்க்கம் வீதி முழுவதும் மென்று விழுங்கி, கடைசியில் அவள் வீட்டு வாகனத் தரிப்பிடத்தில் சொன்னேன். வீதிப் பெயர், ஆறு துண்டு, இரண்டாவது கிணறு.

அவள் சிரித்தாள். சந்தோசச் சிரிப்பு இல்லை.

"அக்கா, வரைபடம் பார்த்த அண்டைக்கே எனக்குத் தெரியும். உங்களுக்கு இப்பதானே தெரியும்?"

"பிறகேன் பேர் குடுத்தனீங்கள்?"

"காணி காணிதானே. ஆரின்ர காலடியிலயும் போய்க் கேட்டு வாங்கேல்லை, காசு குடுத்து வாங்குறம். கிணறு வேற எண்டால் வேறயா இருக்கட்டும். எங்கட தண்ணி எங்களுக்கு."

அப்போதுதான் மற்றதைச் சொன்னேன். சோளத் தாள்கள், சேற்றுக் கோடுகள், கீழே இறங்காத தண்ணீர். அவளுடைய முகம் மாறியது அதற்குத்தான். அது அவளுக்குத் தெரியாது. மண்ணைப் பற்றி எழுதிய வரியும் வட்ஸ்அப்பில் வந்ததில் இல்லையாம். "வளமான பள்ளத்தாக்கு" என்று இருந்ததாம், என் பெயரோடு.

கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"வினோதனிட்டச் சொல்லுறன். ஆனா அக்கா, இதை வைச்சு எங்களை மேடையில ஏத்திப் போடாதேங்கோ. பாவம் எண்டு பத்துப் பேர் வந்து கையைப் பிடிக்கிறது எனக்கு வேண்டாம்."

"மாட்டன்."

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவள் திரும்பினாள்.

"நீங்கள் உங்கட காணியை எடுப்பியளோ?"

இலகுவான கேள்வி. ஓம் அல்லது இல்லை. நான் ராகுலன், அத்தான், குடும்பம் என்று ஏதோ சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரி அக்கா, கவனமா ஓடுங்கோ," என்று இறங்கிப் போனாள்.

8 ஏப்ரல், திங்கள்

நிரோஷினி மதியம் கீழ்த்தளத்தில் சாப்பிட்டாள்.

9 ஏப்ரல், செவ்வாய்

இன்றும்.

14 ஏப்ரல், ஞாயிறு

வருடப்பிறப்பு. அத்தான் வீட்டில் வெற்றிலையில் வைத்துக் கைவிசேடக் காசு தந்தார். கூடவே மலர், இன்னும் மை மணம் போகாமல். பதினோராம் பக்கத்தில் நான். என் முழுப் பெயர், மங்கையற்கரசி ராகுலன், பெயருக்குப் பின்னால் பட்டம். படம்கூட, எங்கிருந்து எடுத்தார்களோ.

முதல் வரி: "ஆதிகாலந்தொட்டு மனித காலடி படாத கன்னி நிலமான ஹார்லோ..."

நான் எழுதவில்லை. என் பெயர் எழுதியிருக்கிறது.

அக்காமார் இரண்டு பேர் வந்து, வடிவாய் எழுதியிருக்கிறாய், கண்ணுக்கு முன்னால கொண்டுவந்திட்டாய் என்றார்கள். நன்றி என்றேன். பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். தவறு என்று சொன்னால் அத்தான் சிரிப்பார். அடுத்த வருடம் திருத்துவோம் என்பார். இங்கே யாரும் கத்துவதில்லை. யாரும் யாரையும் அடிப்பதில்லை. மோதகம் நீட்டுவார்கள்.

18 ஏப்ரல், வியாழன்

நிரோஷினி என் மேசைக்கு வந்து நின்றபடியே சொன்னாள். தாங்கள் விலகிவிட்டார்களாம். வினோதன் தானே அத்தானுக்குப் போன் எடுத்திருக்கிறார்.

"என்ன சொன்னவர் அத்தான்?"

"உங்கட விருப்பம் தம்பி எண்டவராம். ஏனெண்டு ஒரு சொல் கேக்கேல்லையாம், அக்கா. கேட்டால் சொல்லுறதுக்கு இந்த மனிசன் எல்லாம் யோசிச்சு வைச்சிருந்தவர்."

மற்ற ஐந்து குடும்பங்களுக்கும் தண்ணீர் தெரியுமா என்று கேட்டேன்.

"நாங்கள் சொன்னால், ஒதுக்கி வைச்ச கோபத்தில சொல்லுறம் எண்டுவினம்."

என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டதை மறுபடி கேட்கிற ஆள் இல்லை அவள்.

20 ஏப்ரல், சனி

நாளை கையெழுத்து. மண்டபம், குத்துவிளக்கு, வீடியோ, மதியச் சாப்பாடு எல்லாம் ஏற்பாடு. வீதி வீதியாகப் பெயர் கூப்பிடுவார்களாம். கணவனும் மனைவியும் சோடியாக மேடைக்கு வந்து வழக்கறிஞர் முன்னால் ஒப்பமிட வேண்டும். கோயிலடி வீதிதான் முதல். தலைவரின் தம்பி குடும்பம் என்பதால் அதிலும் நாங்கள் முதல். ஓடைக்கரை வீதி கடைசி.

ஒரு வாரமாக மனதுக்குள் பேச்சுகள் எழுதிப் பார்த்தேன். எல்லாம் அழகாக இருந்தன. நிரோஷினி சொன்ன மேடை எல்லாவற்றிலும் இருந்தது. பேச்சு வேண்டாம்.

எங்கள் பெயரைக் கூப்பிடும்போது ராகுலன் எழும்புவார். நான் எழும்ப மாட்டேன். அவ்வளவுதான். நான் ஒப்பமிடாமல் அந்தக் காணி எங்களுடையதாகாது. அத்தான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு "அரசி, வாரும்" என்பார். இரண்டாம் தரம் கூப்பிடுவார். வினோதனிடம் ஏன் என்று கேட்காத மனிதர், அத்தனை பேர் பார்த்திருக்க என்னிடம் கேட்டேயாக வேண்டும். கேட்டால் இருந்த இடத்திலிருந்தே சொல்வேன், அந்த ஐந்து குடும்பங்களும் பேனையைத் தொட முதல்: எந்த வீதியில் தண்ணீர் நிற்கிறது, மேட்டில் எத்தனை துண்டு வெறுமையாகக் கிடக்கிறது, கிணறு ஏன் இரண்டு, பதினோராம் பக்கத்தில் நான் எழுதாதது எது. எவருடைய பெயரும் சொல்ல மாட்டேன். இடத்தை மட்டும் சொல்வேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. ராகுலன் என்னோடு காரில் வருவாரா, அண்ணனோடு போவாரா. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று மத்தியானம் பசித்தது. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ராகுலன் நாளைக்குப் போடும் சேட்டை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக்கொண்டிருக்கிறார். என்ன சேலை, அதையும் தந்தால் மினுக்கிவிடுகிறேன் என்று கீழேயிருந்து கேட்கிறார். பச்சை என்று சொல்லியிருக்கிறேன்.